ஹவானா விலாஸ் விருந்து

ரிட்டயர்டு ஏட்டு சங்கிலிப்பாண்டிக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். சம்பந்தி குற்றாலிங்கம் கை நனைக்க வேண்டும். ஒரு கவளம் போதும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் வீட்டுக்குப் போய் மகள் ஆவுடைத்தாயிடம், எழுந்திரு தாயி, பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிடலாம். பார்க்காமல் திரும்பினால் என்ன சொல்வது? தென்காசியில் பஸ் ஏறியதிலிருந்து, குற்றாலத்தில் இறங்கிச் சாரலில் நனைந்துகொண்டே பழக்கடைகளைத் தாண்டுகிற வரைக்கும், அதை யோசிக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. அந்தப் பக்கத்தில் சாப்பாடு வெறும் சாப்பாடு இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பிடிக்கவில்லையென்றால் காப்பித்தண்ணியோடு எழுந்து வந்துவிடுவார்கள். இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார்களோ, சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் மாற்றிப் பேசுகிறவன் மனுசனே இல்லை. வெட்டுக்குத்து வரை போன பங்காளிகள்கூட ஒருத்தன் வீட்டில் இன்னொருத்தன் கை நனைத்துவிட்டால் பகை தீர்ந்தது. கட்டின பெண்ணை வேண்டாமென்று தீர்த்துவிடுவதானாலும் அவர்கள் ஆட்களில் அதே கதைதான். மாப்பிள்ளை வீட்டார் போடுகிற விருந்தில், நாலு பேர் பார்க்க, பெண்ணைப் பெற்றவன் கை நனைத்தால், சரி முடிந்தது என்று ஒப்புக்கொண்டதாகும். பத்திரமும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். கைதான் கையெழுத்து.

குற்றாலிங்கம் வடகரையில் வயலும் தென்னந்தோப்புமாக வாழ்கிறவர். இரண்டு வருசத்துக்கு முந்தி முப்பிடாதியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்தார். இலை போட்டு, கறி வைத்து, அவர் முதல் கவளத்தைப் பிசைகிற நேரத்தில் வடகரையிலிருந்து ஆள் ஓடிவந்தான். குற்றாலிங்கத்தின் தம்பியைச் சாராயக் கேஸில் விடியக்காலம் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்களாம். பிடித்தது யார்? இதோ, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சம்பந்திக்குக் கறி பரிமாறுகிற இதே ஏட்டுதான். குற்றாலிங்கம் பிசைந்த சோற்றை இலையிலேயே உதறினார். இனி இவன் போடுகிற சோற்றில் கை நனைக்க மாட்டேன் என்று அம்மன் பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணிவிட்டு எழுந்துபோனார். கொஞ்ச நாளில் ஆவுடைத்தாயைப் பெட்டியோடு கொண்டுவந்து தெருவில் இறக்கிவிட்டார்கள்.

சட்டத்துக்குச் சம்பந்தி கிம்பந்தியெல்லாம் தெரியுமா என்று ஏட்டு ஆரம்பத்தில் ஸ்டேஷனில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார். பிடித்ததைக்கூட விடலாம், பிடித்துவிட்டு வந்து சம்பந்திக்கு இலை போட்டாரே, அதற்கு என்ன பெயர் சொல்வது? சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். இப்போதெல்லாம் அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மருமகன் மாடக்கண்ணு பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். லீவு முடிகிறதற்குள் அவனுக்குத் திருவேங்கடத்தில் வேறு பெண் முடிக்கப்போவதாகக் குற்றாலிங்கம் ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் இவளைத் தீர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

போன மாதம் ஆவுடைத்தாய் அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டாள். தென்காசி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்துப் பிழைக்க வைத்தார்கள். தெருவில் வயிற்றுக்கடுப்பு என்று சொல்லி மறைத்தாகிவிட்டது. அன்றிலிருந்து தாய்க்காரி சங்கரம்மாள் ராத்திரி தன் முந்தானையை மகள் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். அந்தப் பெண் சோற்றை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. காக்காய்க்கு வைக்கிற அளவு தின்கிறாள், அதையும் மிரட்டினால்தான்.

காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆவுடைத்தாய் கதவடியில் வந்து நின்றாள். “எய்யா, அவுக கை நனைச்சுட்டாகன்னா நான் பொழச்சுக்கிடுவேன்” என்றாள்.

நனைக்காவிட்டால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா?

இந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்தவன் பிச்சைமணி. தென்காசியில் நிலம், மாடு, வரன் எல்லாவற்றுக்கும் அவன்தான் தரகன். குற்றாலிங்கம் சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு பிடித்திருக்கிறார், மகனும் கூட இருக்கிறான், தினமும் அருவியில் குளித்துவிட்டு மத்தியானம் ஹவானா விலாஸில்தான் சாப்பாடு என்று அவன் துப்புக் கொண்டுவந்தான். உம்ம வீட்டுக்கு அவரு வரமாட்டாரு, அவரு வீட்டுக்கு உம்மை விடமாட்டாரு, இது பொது இடம், விருந்து உம்ம விருந்துதான், நான் பேசிவிட்டேன், நீர் வந்து உபசரிக்க வேண்டியதுதான் பாக்கி என்று துண்டைப் போட்டுத் தாண்டிச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். ஏட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். முப்பது வருசம் போலீஸில் இருந்தவர், ஒரு தரகன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஹவானா விலாஸ் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பழைய பங்களா. அதை எடுத்து நடத்துகிற மசூது கடையநல்லூர்க்காரர். சீனி ஏற்றுகிற கப்பலில் ரொம்ப காலம் சமையல்காரராக இருந்து, கியூபா என்கிற தீவில் ஹவானா என்கிற ஊரைப் பார்த்து, அந்த ஊர் மேல் ஆசைப்பட்டு வந்தவர். சுவருக்குப் பச்சை, கதவுக்கு மஞ்சள். உள்ளே ஒரு சுவர் முழுக்க, பாவாடை விரிய ஆடுகிற கியூபாக்காரியின் படம். வரைந்த தென்காசிப் பெயிண்டர் அவளுக்கு மூக்குத்தி போட்டுவிட்டிருந்தான். கிராமபோனில் எந்நேரமும் கொட்டுச்சத்தம். அந்த ஊரில் தாடிக்காரர்கள் சண்டை போட்டு ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள் என்று அந்த வருசம் பேப்பரில் வந்ததிலிருந்து, காலேஜ் பையன்களெல்லாம் மசூதை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்டார்கள். மசூதுக்கு ஆட்சி கீட்சியெல்லாம் தெரியாது, அந்த ஊர் ஜனங்கள் தின்கிற விதம்தான் தெரியும். ஹவானாவில் இலை போட்டு வயிற்றை ரொப்பிக்கொண்டு எழுந்து போகிற வழக்கம் இல்லையாம். குடிப்பார்களாம், கொறிப்பார்களாம், பேசுவார்களாம். அதனால் இங்கேயும் சோறு கிடையாது. எல்லாம் உள்ளங்கையகலத் தட்டு. அதில் முள்கரண்டி, இல்லையென்றால் குச்சி.

ஏட்டு உள்ளே நுழைந்ததும் சோற்று வாசனையைத் தேடினார். வரவில்லை.

குற்றாலிங்கம் ஜன்னலோரத்து மேஜையில் இருந்தார். குளித்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளை ஜிப்பா. பக்கத்தில் மாடக்கண்ணு, பட்டாளத்துக் கிராப்போடு, மாமனாரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, அப்பன் முகத்தைப் பார்த்து, பாதியில் நின்று, பிறகு உட்கார்ந்தான். பிச்சைமணி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“வாங்க ஏட்டையா” என்றார் குற்றாலிங்கம். சம்பந்தி என்று சொல்லவில்லை. வாங்க என்றாரே, அதுவே பெரிது என்று ஏட்டு நினைத்துக்கொண்டார்.

முதலில் உயரமான கண்ணாடி கிளாஸ்களில் குடிக்க வந்தது. ஐஸ், எலுமிச்சை, சீனி, கசக்கிய புதினா, சோடா. ஏட்டு பழக்கதோஷத்தில் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டார். பார்த்த பிறகுதான் சுருக்கென்றது. யாருக்கு முன்னால் எதை மோந்து பார்க்கிறோம் என்று யோசனை வேண்டாமா? மசூது சிரித்துக்கொண்டே, அங்கே இதில் ரம் ஊற்றுவார்கள், மதுவிலக்கு ராஜ்யத்தில் நான் இஞ்சிச்சாறு ஊற்றுகிறேன், தொண்டை எரிகிறதில் குறைச்சல் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். குற்றாலிங்கம் சிரிக்கவில்லை. தம் தம்பி ஜெயிலிலிருந்து வந்த பிறகு ஒரு பந்தியிலும் உட்காருவதில்லை, தோப்பிலேயே பொங்கித் தின்கிறான் என்று யாரிடமோ சொல்கிற மாதிரி ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். ஏட்டு தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தம்பி நல்ல மனுசன். ஆவுடைத்தாயின் கல்யாணத்தில் பந்தல்கால் ஊன்றியவன்.

தட்டுகள் வர ஆரம்பித்தன. ஏத்தன் வாழைப்பழத்தைச் சாய்வாக அரிந்து பொரித்தது. மரச்சீனிக் கிழங்கை அவித்து, பூண்டும் எலுமிச்சையும் விட்டுப் புரட்டியது. குற்றாலிங்கம் முள்கரண்டியை எடுத்தார். வடகரையில் வரப்பில் நின்று பழையசோறு குடிக்கிற மனுசன், என்னமோ துரை வீட்டில் பிறந்த மாதிரி ஒவ்வொரு துண்டாகக் குத்தி வாயில் வைத்தார். விரல் நுனியில் ஒரு பொட்டு எண்ணெய் படவில்லை.

ஏட்டுக்கு முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. கிழங்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. குச்சியை எடுத்துக் குத்தித் தின்றார். தின்றாரே தவிர கண் முழுக்கக் குற்றாலிங்கத்தின் கையில்தான். அது காய்ந்த கையாகவே இருந்தது. முள்கரண்டியால் தின்றதைக் கை நனைத்ததென்று நாளைக்கு நாலு பேர் முன்னால் சொல்ல முடியுமா? எங்கே வே கை நனைஞ்சுது என்று கேட்டால் எதைக் காட்டுவது? இன்னும் கொஞ்சம் ஈரமான பதார்த்தமாக வேண்டும். கருப்பு மொச்சைக் குழம்பு வந்தது. மசூது கூடவே கரண்டியும் கொண்டுவந்து வைத்தார். பாழாய்ப்போன கரண்டி.

“பேஷா இருக்கு” என்று குற்றாலிங்கம் கரண்டியால் வழித்துக் குடித்தார். அவருக்கு ஏட்டின் பார்வை தெரியாமலில்லை. நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் அவ்வளவு மெதுவாகச் சாப்பிட்டார்.

அடுத்த தட்டில் ஆட்டுக்கறி, நாராகப் பிய்த்துத் தக்காளியில் வதக்கியது. இதற்கு என்ன பேர் என்று பிச்சைமணி கேட்டான். மசூதுக்கு யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் போதும். கியூபாக்காரர்கள் இதைப் பழைய துணி என்று சொல்வார்கள், பார்க்கக் கந்தல் மாதிரி இருக்கிறதில்லையா, அதனால்தான் அந்தப் பேர் என்று ஆனந்தமாக விளக்கினார்.

“அப்ப சரிதான்” என்றார் குற்றாலிங்கம், கறியைக் குத்தி எடுத்து மகன் தட்டில் வைத்துக்கொண்டே. “புதுசு எடுக்கதுக்கு முந்தி பழசைக் கழிச்சுரணும்லா.”

மாடக்கண்ணு அந்தக் கறியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தின்னவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஏட்டுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எழுந்து அந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கலாம், பழைய ஏட்டாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் கதவடியில் நின்ற மகள் கண்ணுக்குள் வந்தாள். மனுசர் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க சம்பந்தி என்று தட்டை நகர்த்தி வைத்தார்.

கொல்லைக்குப் போகிற சாக்கில் எழுந்து அடுப்படிக்குப் போனார். மசூதின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிடி சோறும் ரசமும் கிடைக்குமா என்று கேட்டார். மசூது அதிர்ந்துபோனார். சோறு ஆக்கினால் ஹவானா விலாஸுக்கும் மற்ற ஓட்டலுக்கும் என்ன வித்தியாசம் ஏட்டையா என்றார். ஏட்டின் கண் அடுப்படி முழுக்க அலைந்தது.

“முள்ளுக்கரண்டியால திங்க முடியாதது உங்க கிட்ட என்னதான் இருக்கு, பாய்?”

மசூது யோசித்தார். விசயம் என்னவென்று அவருக்குத் தெரியாது. யாரோ ஒரு கிழவர் முள்கரண்டியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டார். நண்டு இருக்கிறது என்றார். ஹவானாவில் கடல் நண்டு, இங்கே காலையில் வந்த வயல் நண்டு. ஓட்டை உடைத்துக் கையால் உறிஞ்சினால்தான் உண்டு.

ஏட்டுக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டும் விட்டார்.

நண்டு வருகிற வரைக்கும் அவர் மேஜையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசினார். பட்டாளத்தில் குளிரெல்லாம் எப்படி மாப்ளே என்றார். இந்த வருசம் சாரல் பரவாயில்லை என்றார். தானாகவே பேசி, தானாகவே சிரித்துக்கொண்டார். பிச்சைமணி மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் கிளாஸில் மிதந்த புதினாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நண்டு வந்தது. மிளகும் தக்காளியுமாகக் குழம்பு கெட்டியாகத் தளும்பியது. வாசனை மூக்கைத் துளைத்தது. ஏட்டு தட்டைக் குற்றாலிங்கத்தின் பக்கம் தள்ளினார்.

“எடுங்க சம்பந்தி. வயல் நண்டு.”

குற்றாலிங்கம் தட்டைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். வலது கை மேஜை மேல் ஊர்ந்து வந்தது. தட்டின் விளிம்பைத் தொட்டது. அப்படியே அதை ஏட்டின் பக்கமாகத் திருப்பித் தள்ளியது.

நண்டு தமக்கு ஆகாது, மேலெல்லாம் தடித்துவிடும் என்றார் குற்றாலிங்கம். நீங்க சாப்பிடுங்க என்றார். ஏட்டு வேண்டாம் என்று சொன்னார். மேஜையில் வந்த பதார்த்தத்தைத் திருப்பி அனுப்பினால் மரியாதையா என்று குற்றாலிங்கம் கேட்டார். நீங்க தின்னு முடிங்க, அதைப் பார்த்துவிட்டு நான் வேறு ஏதாவது கையால் தின்கிறேன் என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துப் போட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஏட்டு நண்டை எடுத்தார். ஓட்டைப் பல்லால் உடைத்தார். சதையை உறிஞ்சினார். ருசி தெரியவில்லை, மண் தின்கிற மாதிரி இருந்தது, ஆனாலும் தின்றார். குழம்பு விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டு வரை இறங்கியது. முழு நண்டையும் தின்று, தட்டையும் வழித்து நக்கிவிட்டு, பார்த்தீர்களா என்கிற மாதிரி நிமிர்ந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடம் ஒப்பித்துவிட்டு நிமிர்கிறது போல நிமிர்ந்தார், பாவி மனுசன்.

குற்றாலிங்கம் திரும்பினார். “பாத்துக்கிட்டீரா பிச்சைமணி? என் விருந்துல ஏட்டையா கை நனைச்சுட்டாரு.”

ஏட்டுக்கு முதலில் புரியவில்லை. விருந்து என்னுது என்று சொல்ல வாயெடுத்தார். குற்றாலிங்கம் மசூதைக் கூப்பிட்டு, இந்த மேஜை யார் பேரில் என்று கேட்டார். சீசன் முழுக்க அண்ணாச்சி பேரில்தானே, யார் வந்து சாப்பிட்டாலும் அண்ணாச்சி விருந்தாளிதானே என்று மசூது சந்தோசமாகச் சொன்னார். அப்புறம் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் விழித்தார்.

ஏட்டு பிச்சைமணியைப் பார்த்தார். அவன் பார்வை புதினாவை விட்டு அசையவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது. கை நனைக்க வைக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவரை.

கட்டின பெண்ணைத் தீர்த்துவிட வேறென்ன வேண்டும்? மாப்பிள்ளை வீட்டு விருந்து. பெண்ணைப் பெற்றவனின் நனைந்த கை. பார்த்த சாட்சியாகத் தரகன், கடைக்காரர், பக்கத்து மேஜையில் நாலு காலேஜ் பையன்கள். தானே போய் அடுப்படியில் கும்பிட்டு வாங்கிவந்த நண்டு வேறு.

சங்கிலிப்பாண்டி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரா, விழுந்தாரா என்று அவருக்கே தெரியாது. குழம்புக் கையோடு குற்றாலிங்கத்தின் காலைப் பிடிக்கப் போனார். குற்றாலிங்கம் வேட்டியில் கறைபடும் என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“உங்க தம்பிக்குச் செஞ்சதுக்கு என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க” என்றார் ஏட்டு. “அவ என்ன பாவம் செஞ்சா? போன மாசம் அரளிய அரைச்சுக் குடிச்சுட்டா சம்பந்தி. இன்னைக்கு நான் வெறுங்கையோட போனா மறுபடியும் குடிப்பா.”

வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்ததைக் கொட்டியாகிவிட்டது. கிராமபோன் மட்டும் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு எழுந்து நின்றுவிட்டான். அவனுக்கு இது தெரியாது. அவன் உதடு என்னமோ சொல்ல வந்தது. ஏட்டு கீழே இருந்தபடி அவனை அண்ணாந்து பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லு மாப்ளே, ஒரே ஒரு வார்த்தை என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

குற்றாலிங்கத்தின் முகமும் ஒரு நொடி மாறத்தான் செய்தது. கல்லில் செய்த மனுசனா அவர்? ஆனால் பக்கத்து மேஜை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய முகம் பழையபடி இறுகியது.

“அரளி குடிச்ச பிள்ளைய எப்படிலே வீட்டுல சேக்கது?” என்றார் மகனைப் பார்த்து. “நாளைக்கு நம்ம வீட்டுல குடிச்சுட்டு நம்மளைக் கோர்ட்டுல ஏத்துவா. உக்காரு.”

மாடக்கண்ணு நின்றான். எல்லையில் துப்பாக்கி பிடித்து நிற்கிற ஆள், இங்கே அப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் உட்கார்ந்துவிட்டான்.

ஏட்டு எப்படி எழுந்தாரென்று தெரியாது, மசூதுதான் தூக்கிவிட்டிருக்க வேண்டும். மசூது ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து, கையைக் கழுவிக்கோங்க ஏட்டையா என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஏட்டு அந்தத் தண்ணீரைப் பயத்தோடு பார்த்தார். கழுவினால் பந்தி முடிந்தது என்று ஆகிவிடும். கழுவாதவரைக்கும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகத்தானே கணக்கு? மகளைக் கை கழுவச் சொல்கிறார்களா? பித்துப் பிடித்தவன் யோசனைதான், ஆனாலும் அவருக்கு அப்படித்தான் ஓடியது. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

சாரலில் கை நனைந்துவிடக் கூடாதே என்று துண்டால் மூடிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை நண்டு நாற்றம் தாங்காமல் எழுந்து வேறு இடம் போனாள். யாரோ ஒருத்தர் ஏட்டையா சௌக்கியமா என்று கேட்டதற்கு அவர் துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். வீட்டில் என்ன சொல்வது? சம்பந்தி ஊரில் இல்லை, நாளைக்கு வரச் சொன்னார் என்று சொல்லலாமா? எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்? பிச்சைமணி ராத்திரிக்குள் தென்காசி முழுக்கப் பரப்பிவிடுவான். தானே கேட்டு, தானே நண்டு தின்று, பெற்ற மகளைத் தீர்த்துவிட்டு வந்த அப்பன் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், அதுவா இப்போது பெரிசு? தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் கண்ணில் பட்டதும் அவருக்கு இறங்கவே மனசில்லை. பஸ் அப்படியே எங்கேயாவது போய்க்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைந்தார். ஆவுடைத்தாய் முற்றத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் நின்றாள் என்று அப்புறம் சங்கரம்மாள் சொன்னாள். துண்டு சரிந்தது. கை தெரிந்தது. விரலெல்லாம் குழம்பு காய்ந்து, நகக்கண்ணில் மஞ்சள் ஏறி, விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட கை. பந்தியில் இருந்து எழுந்து வந்த கையேதான்.

அந்தப் பிள்ளையின் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்ல? பகையாளிகள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடாமல் இப்படியொரு கை எங்கிருந்து வரும்? அவள் கிட்டே வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“எய்யா, கை நனைச்சாச்சா?”

சங்கிலிப்பாண்டி மகளைப் பார்த்தார். எலும்பும் தோலுமாக இருந்தாள். கண் மட்டும் பெரிசாகப் பளபளத்தது. யாருடைய கை என்று அவள் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், சத்தியமாகச் சொல்லியிருப்பார்.

“நனைச்சாச்சு தாயி” என்றார்.

“கூப்பிட்டுப் போக அவுக வருவாகளா, நாமளே போகணுமா?”

“நாமளே போவோம். காலைல.”

ஆவுடைத்தாய் உள்ளே ஓடினாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. சங்கரம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். புருசன் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை வருசம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு தடவை போதும். செம்பு கையிலேயே நின்றுவிட்டது. யாரு கை என்று அவளும் கேட்கவில்லை. கேட்காமலேயே தெரிந்துகொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

“யம்மா, பசிக்கி, சோறு இருக்கா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சங்கரம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். ஆவுடைத்தாய் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிசைந்து, அள்ளி அள்ளித் தின்றாள். தின்றுகொண்டே எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று கேட்டாள். அரக்குச் சேலையைக் கட்டிக்கோ என்றாள் தாய்க்காரி. அப்புறம் மறு சோறு கேட்டாள், அதையும் போட்டார்கள்.